மிஸ் டோரத்தி கேட்ட நாற்பது நிமிடங்கள்

செர்ரிப் பழ வாசனை அடிக்கும் சிவப்பு மார்க்கரால் எழுதிய எழுத்து காய்ந்த பிறகும் இரண்டு மூன்று நாள் மணக்கும் என்பதும், அந்த மணம் ஒரு மாலை முழுக்க நெஞ்சின் மேலேயே இருந்தால் கடைசியில் இருமல் மருந்தைப் போலக் குமட்டும் என்பதும் எனக்கு ஒன்பது வயதில் தெரிந்த விஷயங்கள். காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியல் பெட்டியின் அட்டையை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, மேலே இரண்டு துளை போட்டு, பச்சைக் கம்பளி நூல் கோத்து, அதன் சாம்பல் நிற உட்பக்கத்தில் "நான் தமிழ் பேசினேன்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார் விமலா ஆன்ட்டி. அந்த அட்டைக்கு நாங்கள் வைத்த பெயர் "செர்ரி". "ஹூ ஹேஸ் செர்ரி?" என்பதுதான் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கி அவர் வீட்டுக்குள் நுழையும்போது ஏழு பிள்ளைகளும் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி.

அது இரண்டாயிரத்து நான்காம் ஆண்டின் இலையுதிர் காலம். நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில், ஒரே மாதிரி மாடிப்படியும் ஒரே மாதிரி கதவும் கொண்ட பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் இருந்தோம். என் வாப்பாவும் மற்றப் பிள்ளைகளின் பெற்றோரும் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி வேலைக்குப் போய்த் திரும்ப மாலை ஆறு ஆறரை ஆகிவிடும். உம்மா ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். மூன்றரை மணிக்குப் பேருந்து எங்களை இறக்கிவிடுவதிலிருந்து பெற்றோர் வரும் வரை எங்களைப் பார்த்துக்கொண்டவர் இரண்டாம் மாடி விமலா ஆன்ட்டி. பாளையங்கோட்டையில் ஆங்கில வழிப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவர். கணவரின் விசாவில் வந்ததால் இங்கே வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தார். கெட்டவர் அல்லர். ஆப்பிளைத் தோல் சீவி உப்புமிளகாய் தூவித் தருவார், ஜுரம் வந்த பிள்ளையைத் தன் கட்டிலில் படுக்கவைப்பார். ஆனால், ஒரு வகுப்பறை கைவிட்டுப் போன கோபம் அவர் கூடத்தில் எப்போதும் நின்றுகொண்டிருந்தது.

சட்டம் எளிமையானது. வீட்டுக்குள் யார் தமிழ் பேசுகிறாரோ அவர் கழுத்தில் அட்டை. அவர் தமிழ் பேசும் இன்னொரு பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டால் அட்டை அந்தப் பிள்ளைக்குப் போகும். மாலையில் யாரிடம் இருக்கிறதோ அவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போய், மறுநாள் காலை பேருந்திலும் போட்டுக்கொண்டு வர வேண்டும். பள்ளி வாசல் வந்ததும் மட்டும் கழற்றிப் பைக்குள் வைத்துவிட வேண்டும் என்று ஆன்ட்டி சொல்லியிருந்தார். மறைக்கச் சொன்ன அந்த ஓர் ஏற்பாடே அவருக்கு உள்ளூர என்ன தெரிந்திருந்தது என்பதற்குப் போதுமான சாட்சி என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை.

இந்தச் சட்டத்தை ஆன்ட்டி கண்டுபிடிக்கவில்லை. "எங்க கான்வென்ட் ஹாஸ்டல்ல மரக்கட்டைய கயித்துல கட்டி மாட்டுவாங்க. ரெண்டு கிலோ இருக்கும். அத மாட்டிக்கிட்டு நின்னதாலதான் இன்னைக்கு அமெரிக்கால நிக்கேன். ஒங்களுக்கு அட்டைதானடே, பஞ்சு மாதிரி" என்பார். கோபமோ பெருமையோ வந்தால் அவருக்குத் தமிழ்தான் வரும். அவர் கழுத்தில் அட்டையை மாட்டும் துணிச்சல் எங்களில் யாருக்கும் வந்ததில்லை.

பெற்றோர் யாரும் எதிர்க்கவில்லை. என் தம்பி ரியாஸுக்கு அப்போது ஐந்து வயது, கிண்டர்கார்டன். காயல்பட்டினத்தில், நாங்கள் நன்னா என்று கூப்பிடும் தாத்தா வீட்டில் வளர்ந்துவிட்டு அந்தக் கோடையில்தான் எங்களிடம் வந்திருந்தான். அவன் ஆசிரியை செப்டம்பரிலேயே ஒரு குறிப்பு அனுப்பிவிட்டார்: பிள்ளை பின்தங்காமல் இருக்க வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுங்கள். நல்லெண்ணத்தோடு, சிரித்த முகம் வரைந்து அனுப்பிய குறிப்பு. வாப்பா அதைக் குளிர்பெட்டியில் ஒட்டிவைத்தார். இரட்டைக் கோபுரங்கள் விழுந்து மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. ரயிலில் கைபேசி அடித்தால் ஸலாம் சொல்வதைக்கூட அவர் நிறுத்தியிருந்தார். "நாலு பேரு திரும்பிப் பாக்குற மாதிரி ஒண்ணும் பேசக் கூடாது" என்பதுதான் அந்த ஆண்டுகளில் அவர் எங்களுக்குச் சொன்ன ஒரே அறிவுரை. அவருக்கு விமலா ஆன்ட்டியின் அட்டை ஒரு பாதுகாப்பாகத் தெரிந்தது.

அக்டோபரில் ஒரு மாலை அட்டை என்னிடம் இருந்தது. ரியாஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "லாத்தா, தண்ணி" என்றான். எங்கள் ஊரில் அக்காவை லாத்தா என்போம். இரண்டு சொல். நான் அட்டையைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டினேன். பிறகுதான் தண்ணீர் கொடுத்தேன்.

மற்றவர்கள் ஆளுக்கு ஒரு மணி நேரத்தில் அட்டையைத் தள்ளிவிடுவார்கள். ரியாஸுக்கு அது முடியவில்லை. இன்னொருவரைப் பிடிக்க வேண்டுமென்றால் அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவனிடம் ஆங்கிலம் இல்லை. எனவே அட்டை அவனிடமே தங்கிவிட்டது. அவன் கண்டுபிடித்த வழி பேசாமல் இருப்பது. முதலில் ஆன்ட்டி வீட்டில் பேசுவதை நிறுத்தினான், பிறகு படிக்கட்டில், பிறகு எங்கள் வீட்டிலும். தண்ணீர் வேண்டுமென்றால் குழாயைக் காட்டுவான். "பாத்தியாட்டி, ஒரே வாரத்துல தமிழ் நின்னுட்டு பாரு. இனிமே இங்கிலீஷ் தானா வரும்" என்று ஆன்ட்டி என் உம்மாவிடம் சொன்னபோது உம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதையும் நான் பார்த்தேன்.

எங்கள் பேருந்தை ஓட்டியவர் மிஸ் டோரத்தி. அறுபது வயது இருக்கும். கட்டையாக வெட்டிய நரைமுடி, ஊதா நிறக் குளிர்ச்சட்டை, பக்கத்தில் நசுங்கிய ஃபிளாஸ்க். யாராவது இருக்கையில் எழுந்து நின்றால் கண்ணாடியில் பார்த்து, "நான் ஓட்டுவது பேருந்து, குதிரை இல்லை. உட்கார்" என்பார். தெற்கு டகோட்டாவில் லக்கோட்டா என்ற பூர்வகுடியில் பிறந்த பெண் அவர் என்பதும், செவிலியரான மகளுக்குத் துணையாக நியூ ஜெர்சிக்கு வந்தவர் என்பதும் அந்த மாதம்தான் எங்களுக்குத் தெரிந்தது. நவம்பரில் நான்காம் வகுப்புக்குப் பூர்வகுடி மக்களைப் பற்றிப் பேச நூலக ஆசிரியை அவரை அழைத்திருந்தார். தயக்கத்தோடு ஒப்புக்கொண்டு, நாற்பது நிமிடம் வேண்டும் என்று மட்டும் கேட்டாராம்.

தினமும் வேறு வேறு கழுத்தில் வந்த அட்டை ரியாஸின் கழுத்திலேயே தங்கிவிட்டதை அவர் ஒரு வாரம் பார்த்தார். இரண்டாம் வாரம் ஒரு காலை, பள்ளி வாசலில் எல்லோரும் இறங்கிய பிறகு, "நீங்கள் இருவரும் ஒரு நிமிடம் இருங்கள்" என்றார். அட்டை என்னவென்று கேட்டார். நான் பெருமையாகவே விளக்கினேன். இன்ஜினை அணைத்தார். ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்து வந்து, தன் முகம் ரியாஸின் முகத்துக்கு நேரே வரும்படி முதல் இருக்கையில் உட்கார்ந்தார். "இதை நான் எடுக்கலாமா?" என்று கேட்டார். அவனுக்குப் புரியவில்லை என்று நினைத்து நூலைத் தொட்டுக் காட்டி மறுபடியும் கேட்டார். ரியாஸ் தலையை ஆட்டினான். முடிச்சு இறுக்கமாக இருந்தது. அவருடைய விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. நேரம் எடுத்து அவிழ்த்தார். கிழிக்கவில்லை, எறியவில்லை, தன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார்.

பிறகு அவர் சொன்னது சில வாக்கியங்கள்தான். ஆறு வயதில் அவரை வீட்டிலிருந்து கொண்டுபோய் அரசாங்க உறைவிடப் பள்ளி ஒன்றில் விட்டார்கள். முதல் நாளே முடியை வெட்டினார்கள். அம்மாவின் மொழியில் பேசினால் வாயில் சோப்பைத் திணித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஒரு கோடையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். "அம்மா என்னிடம் பேசினாள். எனக்குப் பதில் வரவில்லை. நான் அவள் மேல் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். கடைசிவரை அப்படித்தான் நினைத்தாள்." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, ரியாஸைப் பார்த்தார். "நீ நான்காம் வகுப்புதானே? மீதியை நூலகத்தில் சொல்கிறேன். இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. முதலில் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்று இருக்கிறேன்" என்றார் என்னிடம்.

அன்று மாலை ஆன்ட்டி ரியாஸின் வெறுங்கழுத்தைப் பார்த்தார்.

"ஏட்டி, அட்டை எங்க?"

"பஸ் மிஸ் டுக் இட், ஆன்ட்டி."

"எடுத்தாளா, புடுங்குனாளா?"

அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு வழி திறந்தது. எடுத்தார் என்றால், நீ ஏன் கொடுத்தாய் என்ற அடுத்த கேள்வி எனக்கு வரும். மூத்தவள் நான். பிடுங்கினார் என்றால் கேள்வி அவரிடம் போய்விடும்.

"ஷீ கிராப்டு இட்" என்றேன்.

"ஒரு டிரைவரு எம் புள்ளைக கழுத்துல கை வெக்கதா!" என்று ஆன்ட்டி எழுந்தபோது ரியாஸ் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான்.

ஆறரை மணிக்கு வாப்பாவும் உம்மாவும் வந்தார்கள். கூடத்தில் வைத்தே பேச்சு நடந்தது. பள்ளிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார் ஆன்ட்டி. விண்ணப்பம், புகார் என்று ஆங்கிலத்தில் கடிதம் எழுத அந்தக் கட்டடத்தில் ஆன்ட்டி உட்பட எல்லோரும் வாப்பாவிடம்தான் வருவார்கள். வாப்பா தயங்கினார். "நம்மள எதுக்கு இதுல..." என்று இழுத்தார்.

"ஒங்க புள்ளைக்காகத்தான் சார் கேக்கேன். நாளைக்குக் கழுத்த நெரிச்சா?"

"புள்ளட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்" என்றார் உம்மா.

வாப்பா குனிந்து, குளிர்பெட்டியில் ஒட்டிய குறிப்பை நினைத்தோ என்னவோ, ஆங்கிலத்தில் கேட்டார்: "ரியாஸ், டிட் ஷீ புல் இட்? ஆஃப் யுவர் நெக்?"

ரியாஸ் வாப்பாவைப் பார்த்தான். ஆன்ட்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். வாய் திறந்து மூடியது.

"பாத்தீங்களா, பயந்து போயிருக்கான் புள்ள" என்றார் ஆன்ட்டி.

ஐந்து வயதுப் பிள்ளையின் மௌனத்துக்கு அந்தக் கூடத்தில் இருந்த பெரியவர்கள் ஒரே பொருள் கொண்டார்கள். கடிதம் அங்கேயே எழுதப்பட்டது. வாப்பாவின் ஆங்கிலம் நல்ல ஆங்கிலம். பிள்ளை அணிந்திருந்த "மொழிப் பயிற்சி அட்டை" ஒன்றை ஓட்டுநர் வலுக்கட்டாயமாகப் பறித்ததாகவும், இது குடும்பத்தின் வளர்ப்பு முறையில் தலையிடுவது என்றும், பிள்ளை அப்போதிலிருந்து பேசாமல் இருப்பதாகவும் அதில் இருந்தது. அட்டையில் எழுதியிருந்தது என்ன என்பது இல்லை. பிள்ளை அதற்கு முந்தைய வாரமே பேச்சை நிறுத்திவிட்டான் என்பதும் இல்லை. எழுதியவர் வாப்பா, கையெழுத்தை ஆன்ட்டி போட்டார். நாலு பேர் திரும்பிப் பார்க்கும் இடத்தில் தன் பெயர் வரக் கூடாது என்பதில் வாப்பா உறுதியாக இருந்தார்.

பள்ளி யாரையும் விசாரிக்கவில்லை. என்னைக் கூப்பிடவில்லை, ரியாஸைக் கூப்பிடவில்லை. அட்டையைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று மிஸ் டோரத்தியிடம் கேட்டார்களா என்பதும் தெரியாது. கேட்டிருந்தால் அது அவர் பையில் இருந்தது, எடுத்துக் காட்டியிருப்பார். ஒரு வாரத்துக்குள் எங்கள் பேருந்துக்கு வேறொருவர் வந்தார், காதில் ஒயர் மாட்டிய இளைஞர், எழுந்து நின்றாலும் ஒன்றும் சொல்லாதவர். விமலா ஆன்ட்டி புது அட்டை செய்தார். இந்த முறை மார்க்கர் திராட்சை வாசனை.

நவம்பரில் அந்த நூலக வகுப்பு வந்தது. மிஸ் டோரத்தியால் வர இயலவில்லை என்று ஆசிரியை அறிவித்தார். அந்த நாற்பது நிமிடத்தில் பழுப்புக் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி கூடாரம் செய்தோம்; நூலில் பிளாஸ்டிக் மணி கோத்தோம். "பூர்வகுடி மக்கள் இயற்கையை நேசித்தார்கள்" என்று பலகையில் எழுதிப்போட்டார்கள். இறந்தகாலத்தில். அந்த மக்களில் ஒருவர் அதே நேரம் பள்ளியின் பின்புற வளைவில், பேருந்தின் உள்ளே உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து காப்பி குடித்துக்கொண்டிருந்திருக்கலாம். எனக்கு நன்றாக மணி கோக்க வந்தது. பாராட்டும் கிடைத்தது.

அதன் பிறகு அவரை ஒரே ஒரு முறை பார்த்தேன். வேறு தடத்துப் பேருந்தை ஓட்டிவந்து வளைவில் நிறுத்தியிருந்தார். எங்களைக் கண்டதும் கை தூக்கினார். ரியாஸ் கை அசைத்தான். நான் குனிந்து, கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினேன். ஜனவரியில் அந்தப் பேருந்திலும் வேறு ஆள் இருந்தார்.

அந்தப் பள்ளிகளைப் பற்றிப் பின்னாளில் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அரசாங்கம் நடத்தியவை, அரசாங்கப் பணத்தில் திருச்சபைகள் நடத்தியவை என்று நூறாண்டுகளுக்கு மேல் இந்த நாட்டில் நூற்றுக்கணக்கில் இருந்திருக்கின்றன. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து, பெயரை மாற்றி, முடியை வெட்டி, மொழியை அடித்து வெளியேற்றியதை நாகரிகப்படுத்துவது என்று ஏட்டில் எழுதிவைத்தார்கள். வீடு திரும்பாமலே போன பிள்ளைகள் பலருடைய புதைகுழிகளில் பெயர்கூட இல்லை. பிழைத்து வந்தவர்கள் முதுமையில்தான் வாய் திறக்கிறார்கள். திறக்கும்போது எதிரே யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். நல்லிணக்கம் என்று இன்று மேடைகளில் முழங்கும் பெரிய சொல்லுக்கு இதைவிடச் சிறிய தொடக்கம் இருக்க முடியாது. ஒருவர் பேச, மற்றவர்கள் நாற்பது நிமிடம் உட்கார்ந்து கேட்பது. அதைத்தான் நாங்கள் தரவில்லை. பறித்தது அரசாங்கமும் திருச்சபையும் என்று சொல்லி நான் நகர்ந்துவிட முடியாது. இரண்டாம் முறை அந்தப் பெண்ணின் வாயை அடைத்தது தென்பாண்டிச் சீமையிலிருந்து வந்த இரண்டு குடும்பங்கள். பாளையங்கோட்டை விடுதியின் மரக்கட்டையை யார் கொண்டுவந்து கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்று ஒரு நாளும் கேட்காமல், விமானத்தில் ஏற்றி, இங்கே அட்டையாக இறக்கிய கெட்டிக்காரர்கள் நாங்கள்.

இப்போது அந்தக் குடியிருப்புக்கு வேறு பெயர், வேறு வண்ணம். பேருந்துகள் நின்ற திடலில் வீடுகள் வந்துவிட்டன. விமலா ஆன்ட்டி வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை. தாய்மொழிச் சேவைக்காக அவருக்குச் சால்வை போர்த்திய படத்தை இணையத்தில் பார்த்தேன். "தாய்மொழிய மறந்தவன் மனுசனே இல்ல" என்று மேடையில் பேசினாராம். எங்கள் பழைய பள்ளியின் கூட்டங்கள் இப்போது, இந்த மண் லெனாபே பூர்வகுடி மக்களுடையது என்ற ஒப்புதல் வாசகத்தோடு தொடங்குகின்றன. ஒரே வாக்கியம். மூச்சு விடாமல் வாசித்து முடித்து அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பள்ளிக்கு நான் கடிதம் எழுதினேன்: முன்பு உங்களுக்கு வந்த ஒரு புகாரில் முக்கியமான தகவல் பொய், அதைச் சொன்னவள் நான், பதிவைத் திருத்துங்கள். அவ்வளவு பழைய கடிதங்களை வைத்திருப்பதில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. முன்னாள் ஊழியர் எங்கே இருக்கிறார் என்று சொல்லவும் அவர்களுக்கு அனுமதியில்லையாம். தவறு நடந்ததற்கான தாளும் இல்லை, தவறு செய்யப்பட்டவரும் இல்லை. திருத்துவதற்கு எதுவுமே மிச்சமில்லாதபடி எல்லாம் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இலையுதிர் காலத்தில், இந்த நாட்டின் அதிபர் அந்தப் பள்ளிகளுக்காக மேடையேறி மன்னிப்புக் கேட்டார். அன்று மாலை ரியாஸ் டெக்சாஸிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை, ஆங்கிலத்தில் நன்றாகப் பேசுவான், நகைச்சுவையாகக்கூடப் பேசுவான். உம்மா தமிழில் பேசினால் "ம்" என்பான். லாத்தா என்ற ஒரு சொல் மட்டும் அவனிடம் தங்கியிருக்கிறது.

"லாத்தா, அந்த பஸ் மிஸ் படித்ததும் அந்த மாதிரிப் பள்ளிதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

ஆமாம் என்றேன். பிறகு, அன்று ஆன்ட்டியிடம் நான் பொய் சொன்னதைச் சொன்னேன்.

"தெரியும். நான் அங்கேதானே நின்றேன்" என்றான்.

நான் கேட்டேன்: வாப்பா கேட்டபோது நீ ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

பின்னால் அவன் மகளுக்கு யாரோ ஆங்கிலத்தில் கதை படிக்கும் குரல் கேட்டது.

"வாப்பா இங்கிலீஷில் கேட்டார். என்னிடம் இங்கிலீஷ் இல்லை. பஸ் மிஸ் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார், நான் தலையாட்டினேன் என்று சொல்ல எனக்குத் தெரியும். முழுவதும் என் வாயில் இருந்தது, லாத்தா. தமிழில் இருந்தது. தமிழ் பேசக் கூடாதே."

அன்று என்ன சொல்லியிருப்பாய், இப்போது சொல் என்றேன். தமிழிலேயே சொல்.

முயன்றான். "அவங்க..." என்று தொடங்கி நிறுத்தினான். மறுபடி தொடங்கினான். வரவில்லை.